குட்டை முடி, மெல்லிய தோல்

வடக்குக் கொல்கத்தாவில் பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் செல்லப்பிராணிச் சந்தை கூடுகிறது. ஒரு பக்கம் வண்ண மீன்கள், இன்னொரு பக்கம் பூச்செடிகள், இடையில் கூடைகளில் முண்டியடிக்கும் நாய்க்குட்டிகள். கழுத்துப்பட்டை, சங்கிலி, ஷாம்பு விற்பவர்கள் பிரஷ்களையும் பரப்பி வைத்திருப்பார்கள். வளைந்த கம்பிகளை நெருக்கமாக நட்ட ஸ்லிக்கர் பிரஷ், கம்பி நுனியில் சிறு உருண்டை வைத்த பின் பிரஷ், நைலான் பிரஷ், பன்றி முடிப் பிரஷ், தடித்த முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவு ரப்பர் பிரஷ், கையில் மாட்டிக்கொள்ளும் சிலிக்கான் உறை, உலோகப் பல் வைத்த டீஷெட்டிங் பிளேடு எனப் பல வகை.

வாங்க வருபவர் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: எது நிறைய முடியை எடுக்கும்? சோபாவிலும் படுக்கையிலும் சட்டையிலும் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருக்கும் லாப்ரடார் முடியைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானதே. ஆனால் குட்டை முடியும் தொட்டால் சிவக்கும் தோலும் உள்ள நாய்க்கு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் தவறான பிரஷ்தான் கையில் வந்து சேரும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, பிரஷ் வழியாக நம் கையின் அழுத்தம் தோலில் எவ்வளவு இறங்குகிறது என்பது. முடியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

நாயின் உடம்பில் முடி மூடிய இடங்களில் மேல்தோல் மிகவும் மெல்லியது. உயிருள்ள செல்கள் மூன்று முதல் ஐந்து அடுக்குதான் இருக்கும். மனிதத் தோலில் அது பத்து அடுக்குக்கு மேல். நாய்க்கு முடிதான் கவசம் என்பதால் பரிணாமம் அங்கே தோலைத் தடிப்பாக்கவில்லை; பாதத்தின் அடியிலும் மூக்கிலும் மட்டும் தடிப்பாக்கியிருக்கிறது. இந்தச் சில அடுக்குகளுக்கு மேலே, இறந்து தட்டையான செல்களால் ஆன கொம்புப் படலம் இருக்கிறது. அந்தச் செல்களின் இடுக்குகளைச் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரப்பியிருக்கின்றன. உடம்பின் நீர் ஆவியாகிப் போகாமல் காப்பதும், வெளியே இருக்கும் கிருமியும் தூசுப்பூச்சியின் புரதமும் உள்ளே நுழையாமல் தடுப்பதும் இந்தப் படலம்தான். அடியில் பிறந்த ஒரு செல் மேலே வந்து பொடுகாக உதிர மூன்று வாரம் ஆகும். அதாவது ஓர் இடத்தைச் சுரண்டிவிட்டால் அது முழுதாகப் புதுப்பிக்கப்பட அத்தனை நாள் வேண்டும்.

ஒவ்வாமைத் தோலழற்சி உள்ள நாய்களில் இந்தப் படலமே பலவீனமானது. அவற்றின் கொம்புப் படலத்தில் செராமைடு குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. பக், ஃபிரெஞ்ச் புல்டாக், பாக்ஸர், லாப்ரடார் ஆகியவை இந்தத் தொல்லைக்கு அதிகம் ஆளாகும் இனங்கள். நான்குமே குட்டை முடி நாய்கள். 2003இல் வந்த ஹட்ச் செல்பேசி நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிய பக் நாயை இந்தியா முழுக்கப் பார்த்தது. அதன்பின் அந்த இனத்துக்கு ஏறிய மவுசில் கொல்கத்தாவின் அடுக்ககங்களிலும் பக் நாய்கள் குடியேறின. மடிப்பு மடிப்பான தோலும் அடர்ந்த குட்டை முடியும் கொண்ட அந்த நாய், வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம் சொட்டும் ஊரில் வளர வேண்டியதாயிற்று.

தோல் ஆய்வுக்கூடங்களில் இந்தக் கொம்புப் படலத்தை வேண்டுமென்றே சேதப்படுத்திப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒட்டும் டேப்பை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஒட்டிப் பிய்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய படலம் போகும். தோலிலிருந்து நீர் ஆவியாகும் வேகம் கூடும். பிறகு அந்த இடம் சிவக்கும். கூரான பிரஷை ஒரே இடத்தில் பத்துத் தடவை இழுக்கும்போது நாம் வீட்டில் செய்வதும் அதைத்தான்.

குட்டை முடி என்றால் குறைவான முடி என்று நினைக்கக் கூடாது. லாப்ரடாருக்கும் பக்குக்கும் பீகிளுக்கும் வெளிமுடிக்குக் கீழே மென்மையான உள்முடியும் உண்டு. ஒரே தோல் துளையிலிருந்து ஒரு தடித்த முடியும் அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளுமாகக் கொத்தாக முளைப்பது நாய்களின் பொது அமைப்பு. முடியின் நீளத்தை முடிவு செய்வதில் எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணுவுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. முடி வளர்ந்தது போதும், நிறுத்து என்று மயிர்க்காலுக்குச் சொல்லும் புரதத்தை உண்டாக்குவது அதுதான். 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2009இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரை, நாய்களின் முடி வகைகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்களால் விளக்கிவிட முடியும் என்று காட்டியது. அந்த மூன்றில் ஒன்று இது. ஓநாயிடமிருந்து வந்த பழைய வடிவம் குட்டை முடிதான். அந்த மரபணு பழுதானபோது நிறுத்தச் சொல்லும் குரல் மங்கி, நீள முடி நாய்கள் தோன்றின.

குட்டை முடி நாயின் முடி சீக்கிரமே வளர்ந்து முடிந்து ஓய்வு நிலைக்குப் போகிறது. ஓய்விலிருக்கும் முடிக்கு வேர்ப்பிடிப்பு குறைவு. அடியில் புது முடி தள்ளியதும் விழுந்துவிடும். எப்போது விழ வேண்டும் என்பதைப் பெரிதும் பகலின் நீளம் தீர்மானிக்கிறது. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேர வித்தியாசம். கொல்கத்தாவில் மிக நீண்ட பகல் 13½ மணி, மிகக் குறுகியது 10¾ மணி. வித்தியாசம் 3 மணி நேரம்கூட இல்லை. போதாததற்கு, நம் வீடுகளில் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரிகிறது. அதனால் வெளிநாட்டு நூல்களில் எழுதியிருப்பதுபோல வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை என்று இங்கே முடி கொட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். இதை நோய் என்று பயந்து கடினமான பிரஷ் வாங்குகிறவர்கள் நிறைய.

முக்கியமான இன்னொன்று: குட்டை முடியில் சிக்கு விழாது. ஸ்லிக்கர் பிரஷ், சிக்கெடுக்கும் சீப்பு, உள்முடியை வாரும் நீளப்பல் வாரி இவையெல்லாம் சிக்கை எதிர்த்துப் போராட வடிவமைக்கப்பட்டவை. நீள முடி நாயில் அந்தக் கம்பியின் பெரும்பகுதி முடிக்குள்ளேயே நின்றுவிடும். இரண்டு சென்டிமீட்டர் முடியில் அதை அழுத்தினால் கம்பி நேராகத் தோலில் போய் நிற்கும்.

லேக் மார்க்கெட் பக்கம் பல தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. வாழையிலையும் காப்பிப்பொடியும் விற்கும் கடைகளுக்குப் பின்னால் ஒரு வீட்டில் பீகிள் வளர்க்கும் மாமி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். நாயை மடியில் மல்லாத்தி, வயிற்றைக் காட்டினார். "இந்த வாரம் பூரா இப்படித்தான் இருக்கு. சொறியா இருக்குமோன்னு பயமா இருக்கு, நீயே பாரேன்." வயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் மெல்லிய சிவப்புக் கோடுகள். ஒன்றுக்கொன்று இணையாக, சம இடைவெளியில். நோய் இவ்வளவு ஒழுங்காகக் கோடு போடாது. அலமாரியின் மேலிருந்த ஸ்லிக்கர் பிரஷை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தோம். கம்பி வரிசைகளின் இடைவெளியும் கோடுகளின் இடைவெளியும் ஒன்றாக இருந்தன.

"மாமி, இந்த பிரஷை உங்க முழங்கைக்கு உள்பக்கம் வெச்சு, அவனுக்கு இழுக்கற அதே அழுத்தத்துல ஒரு தடவை இழுங்க."

இழுத்த வேகத்தில் "அம்மாடி!" என்று கையை உதறினார். "இதையா தினம் ரெண்டு வேளை போட்டுண்டிருக்கேன் குழந்தைக்கு?"

அந்தக் கோடுகளுக்குக் கணக்கு இருக்கிறது. பிரஷை நாம் 300 கிராம் எடை வைத்ததுபோல அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம், லேசான கைதான். ரப்பர் பிரஷில் 60 முட்கள், ஒவ்வொன்றின் நுனியும் 3 மில்லிமீட்டர் அகலம் என்றால், தோலைத் தொடும் பரப்பு மொத்தம் 420 சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்லிக்கரில் 200 கம்பிகள், ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர் தடிமன் என்றால், தொடும் பரப்பு வெறும் 14 சதுர மில்லிமீட்டர். அதே கை, அதே அழுத்தம். தோல் தாங்க வேண்டியதோ 30 மடங்கு. இதுவும் 200 கம்பிகளும் ஒரே சமயத்தில் தொட்டால்தான். விலா எலும்பின் மேலோ தொடையின் வளைவிலோ 20 கம்பிகள்தான் தொடும் என்றால் அது 300 மடங்காகிவிடும். நாய் நெளியும்போது நடப்பது அதுதான். வயிற்றில் முடியும் குறைவு, தோலும் மெல்லிசு என்பதால் கோடுகள் முதலில் அங்கே தெரிந்தன.

பரப்போடு கதை முடியவில்லை. முள் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஒரு முனை பதிந்து மறுமுனை சுதந்திரமாக நிற்கும் கம்பியின் விறைப்பு, அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் கூடும். நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். தடிமனை இரு மடங்காக்கினால் விறைப்பு 16 மடங்கு. நீளத்தை இரு மடங்காக்கினால் எட்டில் ஒரு பங்கு. பிறகு, எதனால் செய்தது என்பது. எஃகின் விறைப்புத்தன்மை நைலானைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். மென்மையான ரப்பரும் சிலிக்கானும் நைலானை விட நூற்றுக்கணக்கான மடங்கு நெகிழ்வானவை. கையின் அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் நீண்ட மெல்லிய முள் மடங்கிவிடும். அதற்குமேல் நாம் எவ்வளவு அழுத்தினாலும் அந்த முள் வழியாகத் தோலுக்குப் போகும் விசை அவ்வளவாகக் கூடாது. கடையில் நிற்கும்போது இந்தச் சமன்பாடுகள் எதுவும் வேண்டாம். பிரஷைக் கையின் உள்பக்கத்தில் வைத்து, முட்கள் மடங்கும்வரை அழுத்துங்கள். மடங்குவதற்குள் வலித்தால் அந்தப் பிரஷ் வேண்டாம்.

பன்றி முடிப் பிரஷைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை. பன்றியின் முரட்டு முடி நுனியில் இரண்டாக, மூன்றாகப் பிரிந்திருக்கும். அந்தப் பிளவு நுனிதான் எண்ணெயையும் வண்ணத்தையும் பிடித்துக்கொண்டு மெல்லியதாகப் பரப்புகிறது. பெயிண்டர்கள் அதை விரும்புவதும் இதற்காகத்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகின் நல்ல பன்றி முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தது. 1942இல் பர்மா சாலை அடைபட்டதும் சீனாவுக்குப் போர்ச் சாமான்களை இமயமலைத் தொடரின் மேலே விமானத்தில் கொண்டுபோனார்கள். அசாமும் கல்கத்தாவும்தான் அந்தப் பாதையின் இந்திய முனைகள். திரும்பி வந்த விமானங்களில் டங்ஸ்டனும் வெள்ளீயமும் வந்தன, கூடவே பன்றி முடிக் கட்டுகளும். கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரஷ் இல்லாமல் கடற்படை நடக்காது என்பதால் அமெரிக்காவுக்கு அது அத்தனை அவசரப் பொருள். அதே தட்டுப்பாடுதான் நைலானுக்கும் வழி திறந்துவிட்டது. நைலான் வைத்த முதல் பல் பிரஷ் 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருந்தது. போர் முடிந்தபோது எல்லா வகைப் பிரஷிலும் நைலான் புகுந்துவிட்டது.

நாயின் தோலுக்கு இரண்டில் எது? மென்மையான பன்றி முடியின் நுனி தோலின் எண்ணெயை முடி நெடுக இழுத்துச் செல்கிறது. உதிர்ந்த பொடுகையும் தூசையும் துடைக்கிறது. ஆனால் உதிரத் தயாரான முடியை அவ்வளவாக எடுக்காது. நைலானில் தரம் கூடினதும் உண்டு, குறைந்ததும் உண்டு. மலிவான நைலான் முள்ளை இயந்திரம் வெட்டிய கோலத்திலேயே விட்டிருப்பார்கள். செல்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் நுனி உளிபோல் சரிந்து விளிம்பு கூராக இருப்பது தெரியும். நல்லதில் நுனியை உருட்டியிருப்பார்கள். பன்றி முடியும் நைலானும் நீரை உறிஞ்சி நெகிழும் என்பதால், சித்திரை வெயிலில் விறைப்பாக இருக்கும் அதே பிரஷ் ஆடி மாத ஈரத்தில் மெத்தென்று தோன்றும்.

ரப்பர் வேறு விதமாக வேலை செய்கிறது. அது முடியைக் குத்தி வாருவதில்லை, உராய்வால் பற்றுகிறது. ஓய்வு நிலையில் இருக்கும் முடி லேசான இழுப்புக்கே வந்துவிடும்; வளர்ந்துகொண்டிருக்கும் முடி வராது. குட்டை முடி நாய்க்கு நமக்கு வேண்டியது இந்த வேற்றுமை மட்டுமே. அதனால்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வது நீளமான, மிருதுவான முட்கள் கொண்ட ரப்பர் அல்லது சிலிக்கான் பிரஷ். அதன்பின் துடைத்தெடுக்க மென்மையான பன்றி முடிப் பிரஷ். டீஷெட்டிங் பிளேடை இந்த நாய்களுக்கு வாங்காதீர்கள். ஒரு நிமிடத்தில் அது குவித்துக் காட்டும் முடியில் நடுவில் ஒடிந்த நல்ல முடியும் கலந்திருக்கும்.

ரப்பரிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அரிதாகச் சில நாய்களுக்கு ரப்பரே ஒவ்வாது. முகவாயும் உதடும் ரப்பர் கிண்ணத்தால் சிவக்கிற நாயானால் சிலிக்கானே நல்லது. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறிப் பிசுபிசுக்கும். வங்காள வீடுகளில் கடுகெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் பழையது. நாய்க்கும் கொஞ்சம் தேய்க்கலாமே என்று தோன்றுவது அன்பால்தான். ஆனால் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் சேதப்பட்ட தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடுப்புப் படலம் மீள்வதை விரைவுபடுத்தியது. கடுகெண்ணெய் அதைத் தாமதப்படுத்தியது. தோல் ஏற்கெனவே சிவந்திருக்கும் நாய்க்குக் கடுகெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

இனி, எந்தத் திசையில் இழுப்பது. முடியின் மேற்பரப்பில் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போலச் செதில்கள் நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்குப் போனால் உராய்வு குறைவு. எதிர்த்துப் போனால் அதிகம். ரப்பர் பிரஷை வட்ட வட்டமாகத் தேய்க்கச் சொல்வார்கள். தடித்த தோலுள்ள குதிரைக்கு அது சரி. எளிதில் சிவக்கும் தோலுக்கு முடி படிந்திருக்கும் திசையில் மட்டும் இழுப்பது நல்லது. இதற்கு உராய்வை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

குட்டை முடி நாய்களின் முடி சிறு ஆணிபோல விறைப்பானது. அதை எதிர்த்திசையில் தேய்க்கும்போது முடி மயிர்க்காலுக்குள்ளேயே திரும்பி அழுத்துகிறது. மயிர்க்காலின் சுவர் கிழிந்தால் முடியின் கெரட்டின் தோலின் ஆழத்துக்குள் நுழையும். உடம்பு அதை அந்நியப் பொருளாகவே பார்த்துத் தாக்கும். கூடவே பாக்டீரியாவும் நுழைந்துவிட்டால் நிலைமை மோசம். குளிப்பாட்டியோ தேய்த்தோ ஓரிரு நாளில் நாய்க்கு முதுகில் கடுமையான வலி வரும், தொட்டால் கத்தும், காய்ச்சல் அடிக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு முதுகு நெடுக ரத்தக் கசிவுள்ள கொப்புளங்களும் பொருக்குகளும் தெரியும். கால்நடை மருத்துவர்கள் இதைக் குளிப்பாட்டலுக்குப் பின் வரும் ஃபுரங்குலோசிஸ் என்கிறார்கள். இப்படிப் பாதிக்கப்பட்ட 22 நாய்களைப் பற்றிய ஆய்வு 2015இல் அமெரிக்காவில் வெளியானது. அவற்றிலிருந்து அதிகம் கிடைத்த கிருமி சூடோமோனாஸ் ஏருஜினோசா.

அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஷாம்புவில் தண்ணீர் கலந்து பாட்டிலில் வைத்து, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதையே எடுத்துப் பயன்படுத்துகிறோம். தண்ணீர் கலந்ததும் ஷாம்புவில் இருக்கும் பாதுகாப்பு வேதிப்பொருள் நீர்த்துவிடுகிறது. சூடோமோனாஸுக்கு ஈரமும் கொஞ்சம் வெதுவெதுப்பும் போதும். கொல்கத்தாவின் குளியலறையில் இரண்டும் ஆண்டு முழுதும் உண்டு. ஆகவே ஷாம்புவை அன்றன்று கலந்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். நனைந்த தோல் ஊறி மென்மையாகியிருக்கும் என்பதால், குளிக்கும்போது ரப்பர் பிரஷால் அழுத்தித் தேய்க்காமல் விரல்களால் நுரையைப் பரப்புவதே பாதுகாப்பு. வாருவது காய்ந்த உடம்பில், குளிப்பதற்கு முன்னால். கழுவிய பிரஷைக் குளியலறையில் மாட்டாமல் ஜன்னலோரம் வெயிலில் வையுங்கள். குளித்த மறுநாள் நாய் முதுகைத் தொடவிடாமல் குறுகினால் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மழைக்காலம் தனிக்கதை. கொல்கத்தாவில் ஜூனில் தொடங்கும் பருவமழை அக்டோபரில்தான் விலகுகிறது. துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் தோல் ஈரமாகவே இருக்கிறது. நாயின் தோலில் இயல்பாகவே குடியிருக்கும் மலாசீசியா என்ற ஈஸ்ட் அப்போது பெருகும். அக்குளில், கழுத்து மடிப்பில், காதுக்குள், விரலிடுக்கில் தோல் பிசுபிசுத்து, சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை வரும். நாளானால் தோல் கறுத்துத் தடிக்கும். பிசுக்கைப் பார்த்ததும் பிரஷை எடுத்துத் தேய்த்துச் சுத்தம் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். அது அழுக்கு இல்லை, நோய். மருத்துவர் தரும் பூஞ்சைக்கொல்லி ஷாம்புவும், அடியில் இருக்கும் ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதும்தான் வழி.

வாலடியிலும் இடுப்பிலும் மட்டும் சொறிந்து முடி கொட்டினால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒரு சில கடியே போதும். பூச்சி கண்ணில் படவே படாது. இதைக் கண்டறிய நெருக்கமான பல் வைத்த பேன் சீப்பு உதவும். இடுப்புப் பகுதியை மெதுவாக வாரி, சீப்பில் வந்த கரும்பொடியை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மண்ணானால் அப்படியே இருக்கும். தெள்ளின் கழிவானால் அது செரித்த ரத்தம்; பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவும். ரப்பர் பிரஷைத் தொடும் முன் விரலால் உடம்பு முழுதும் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். பிரஷின் முள் உண்ணியைப் பிய்த்தால் அதன் வாய்ப்பகுதி தோலிலேயே தங்கிப் புண்ணாகும். எர்லிக்கியா, பேபீசியா கிருமிகளை நாய்க்குக் கொண்டுவருவதும் உண்ணிதான். சொறியோ என்று சந்தேகம் வந்தால் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் சொறி உண்டாக்கும் உண்ணிப்பேன் இருக்கிறதா என்று உறுதி செய்ய முடியும். சந்தேகம் இருக்கும்வரை எந்தப் பிரஷும் வேண்டாம்.

வாருவதன் பயன் முடி எடுப்பதோடு நின்றுவிடவில்லை. 1939இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஈங்வே சோட்டர்மன், பூனையின் தோலில் மென்மையான வருடலுக்கு மட்டும் துலங்கும் மெல்லிய நரம்பிழைகள் இருப்பதைக் கண்டார். முடி மூடிய தோலில்தான் அவை நிறைந்திருக்கின்றன. மனிதர்களிடமும் அவை உண்டு. ஆட்டுமுடித் தூரிகையால் வெவ்வேறு வேகத்தில் கையை வருடி அளந்தபோது, வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் அவை மிகச் சுறுசுறுப்பாகத் துலங்கின. மனிதர்கள் இதமாக இருக்கிறது என்று சொன்னதும் அந்த வேகத்தைத்தான். வேகம் கூடினால் துலக்கம் குறைந்தது. பாலூட்டிகளுக்கு இது பொதுவான அமைப்பாகவே தெரிகிறது. பீகிளின் கழுத்திலிருந்து வாலடி வரை 40 சென்டிமீட்டர் என்றால், அந்த வரம்பின் நடுவேகத்தில் ஒரு இழுப்புக்கு எட்டு வினாடி ஆக வேண்டும். நாம் ஒரு வினாடியில் முடித்துவிடுகிறோம்.

கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை வருடக்கணக்காக ஆராய்ந்து வருகிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வந்தபோது, உணவு கொடுத்ததை விடத் தலையைத் தடவிக்கொடுத்ததே அந்த நாய்களிடம் நம்பிக்கையை வளர்த்தது. அவற்றில் பலவும் மனிதரிடம் அடிபட்டே பழகியவை. தொடுகைக்கு அத்தனை மதிப்பு வைக்கும் விலங்கிடம் நாம் வலிக்கும் பிரஷோடு போய் நிற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வாரும்போது நாய் உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, தோல் அலைபோலத் துடித்தாலோ அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

தமிழ்நாட்டு நாய்களை வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2005 ஜனவரியில் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. வெள்ளைக் குட்டை முடிக்கடியில் இளஞ்சிவப்புத் தோல் அப்படியே தெரியும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் முடி இன்னும் மெல்லிசு. இவற்றுக்கு ரப்பர் முள்கூட அதிகம். ஈரத்தைப் பிழிந்த பருத்தித் துணியும் மென்மையான பன்றி முடிப் பிரஷும் போதும், அதுவும் வாரம் ஒருமுறை. பக்குக்கும் லாப்ரடாருக்கும் வாரம் இரண்டு மூன்று தடவை ரப்பர் பிரஷ், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று இழுப்பு. வயிறு, அக்குள், தொடையின் உள்பக்கம் ஆகிய இடங்களுக்குக் கைமட்டும் போதும். புதுப் பிரஷானால் முதல்நாள் தோள்பட்டையில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் வாரி, மறுநாள் முடியை விரலால் பிரித்துப் பாருங்கள். சிவப்பும் புதுப் பொடுகும் இல்லையென்றால் முழு உடம்புக்கும் போகலாம்.

இரண்டு நாய் இருந்தால் இரண்டு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். படர்தாமரையை உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பூஞ்சையின் வித்துகள் பிரஷில் சிக்கிய முடியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கும், நாயைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தைக்கும் தொற்றும். வட்டமாக முடி கொட்டி, ஓரம் செதில் செதிலாக இருந்தால் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். பூஞ்சைதான் என்று தெரிந்துவிட்டால் மரப்பிடியும் பன்றி முடியும் உள்ள பிரஷைக் கழுவிப் பயனில்லை, எறிந்துவிட வேண்டியதுதான். சிகிச்சை முடிந்து, மறுபரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்த பிறகே புதிய பிரஷ் வாங்குங்கள்.